இரண்டு காலும் வலித்தால்

என் அண்ணனை "முட்டாள்" என்று நான் திட்டாத நாளே கிடையாது. அதெல்லாம் வாய் வார்த்தை. முழு மனதோடு, அடிவயிற்றிலிருந்து திட்டியது ஒரே ஒரு நாள், அந்தப் போட்டி மைதானத்தில். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களும் என்னோடு சேர்ந்து திட்டுங்கள்.

அண்ணனும் நானும் சேர்ந்து குதிரைச் சவாரிப் பள்ளி நடத்துகிறோம். தகரக் கூரை போட்ட லாயம், ஒரு மணல் மைதானம், ஏழெட்டுக் குதிரைகள். தொப்பி மாட்டிக்கொண்டு நடுவில் நின்று "முதுகை நிமிர்த்து, முட்டியை ஒட்டு" என்று கத்துகிற கௌரவமான வேலை அண்ணனுக்கு. தீனி, சாணி, மருந்து, பிள்ளை விழுந்துவிட்டான் என்று சண்டைக்கு வரும் அப்பா அம்மாக்கள், இதெல்லாம் எனக்கு. என் கணவருக்குக் குதிரை முடி பட்டாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். அவர் லாயத்துப் பக்கமும் வரமாட்டார், இந்தக் கதைக்குள்ளும் வரமாட்டார். ஆனால் என் மகள் நடக்கப் பழகியதே லாயத்தில்தான். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

அவளுடைய குதிரை சீமாட்டி. கறுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நடையில் அப்படி ஒரு தோரணை. அந்தத் தோரணைக்காகத்தான் அந்தப் பெயரே வைத்தோம். இரண்டு பேரும் சேர்ந்து தடுப்புத் தாண்டுவதைப் பார்க்க வேண்டுமே, பெற்றவள் என்பதால் சொல்லவில்லை, அப்படி ஒரு அழகு.

ஆனால் ஒரு வருஷமாகச் சீமாட்டி சரியில்லை. தடுப்பு வரைக்கும் வருவாள், டக்கென்று நின்றுவிடுவாள். முன்பு வீசி வீசிப் போடுகிற எட்டைக் குறுக்கிக் குறுக்கிப் போட்டாள். நொண்டினாளா என்றால் இல்லை. அதனால் அண்ணன் உடனே தீர்ப்பு எழுதிவிட்டான். "சோம்பேறித்தனம். நல்லா தின்னு கொழுத்துப் போச்சு." என் மகளும் ஒத்து ஊதினாள். "இவளுக்கு வரவர ரொம்பத் திமிரு மாமா." அதற்கப்புறம் தடுப்புக்கு முன்னால் சாட்டை பேசியது. சாட்டை பட்டால் தாண்டினாள், அவர்களும் தாங்கள் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

தடுப்புத் தாண்டும் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சீமாட்டி இடது முன்காலை அப்பட்டமாக நொண்டத் தொடங்கினாள். கண்ணில்லாதவனுக்கும் சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும், அந்த அளவுக்கு. டாக்டரைக் கூப்பிட்டேன்.

வந்தது ஒரு டாக்டரம்மா. என்னைவிடச் சின்னவள், குள்ளம், காதில் பேனாவைச் செருகியிருந்தாள். வந்ததும் வராததுமாக லாயத்துக்கு வெளியே சிமெண்டுத் தரையில் குதிரையை ஓட விடச் சொன்னாள். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக ஓடினான். அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"எந்தக் கால்னு நினைக்கிறீங்க அக்கா?" என்றாள் என்னிடம்.

"இடது முன்கால். அது தரையில படறப்ப தலையைத் தூக்கறா பாருங்க. இது எங்களுக்கே தெரியுமே, இதைக் கேக்கவா உங்களை வரச் சொன்னோம்?" என்றேன். எனக்குப் பொறுமை கிடையாது, அதை நான் மறைப்பதும் கிடையாது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காலைத் தடவினாள், மடக்கிப் பிடித்தாள், ஒரு பெரிய இடுக்கியால் குளம்பை அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். பிறகு இடது காலில், குதிகாலுக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் சின்னதாக ஊசி போட்டாள். மரத்துப் போகிற மருந்தாம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பேனா மூடியால் குதிகாலைக் குத்தினாள். சீமாட்டி காதைக்கூட அசைக்கவில்லை.

"மரத்துடுச்சு. இப்ப ஓட விடுங்க."

அண்ணன் ஓடினான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சீமாட்டி நொண்டினாள். இடது காலை அல்ல, வலது காலை!

"என்ன டாக்டரம்மா இது அநியாயம்? இடது காலுக்கு வைத்தியம் பாருங்கன்னா வலது காலைக் கெடுத்து வச்சிருக்கீங்க!"

"வலது காலை நான் தொடவே இல்லையே அக்கா."

"தொடாமலா நொண்டுது? காலைல வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு அந்தக் கால்! ஊசியை எங்க போட்டீங்க, என்னத்தைப் போட்டீங்க?"

அண்ணன் வேறு, பக்கத்தில் நின்றுகொண்டு "இருந்த ஒரு நல்ல காலும் போச்சு" என்று எடுத்துக் கொடுத்தான். இன்னும் என்னென்னவோ பேசினேன். படித்துவிட்டு வந்தவர்களா, பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு வந்தவர்களா என்றுகூடக் கேட்டேன். அவள் பாட்டுக்கு வலது காலிலும் அதே மாதிரி ஊசி போட்டாள், காத்திருந்தாள், பேனா மூடியால் குத்தினாள், மறுபடி ஓட விடச் சொன்னாள்.

சீமாட்டி ஓடினாள். ஒரு வருஷத்துக்கு முந்தைய சீமாட்டி. தோளிலிருந்து காலை வீசி வீசி, தலையை நேராக வைத்துக்கொண்டு, அண்ணனையே இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வந்த அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"சரியாயிடுச்சு! டாக்டரம்மா, சரியாயிடுச்சு!"

"சரியாகல சார். எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். மருந்து இறங்கினா ரெண்டு மூணு மணி நேரத்துல பழையபடி நொண்டுவா."

"அப்ப முதல்ல ஏன் வலது கால் நொண்டுச்சு?" என்றேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.

"ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிச்சா எந்தக் காலுக்குன்னு நொண்டறது அக்கா? ரெண்டையுமே பார்த்துப் பார்த்து, குறுக்கிக் குறுக்கித்தான் வைக்க முடியும். பார்க்கறவங்களுக்குச் சோம்பேறி மாதிரி தெரியும். இப்ப இடது கொஞ்சம் கூடிப் போச்சு, அதனால அது வெளிய தெரிஞ்சுது. அதை மரக்க வச்சதும் வலது கால் வலி தெரிஞ்சுது. வலது காலை யாரும் கெடுக்கல. அதுக்கு ரொம்ப நாளா வலி."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சீமாட்டியின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம் மட்டும்தான். டாக்டரம்மா சொன்னதில் ஒரு வார்த்தை அவன் காதில் ஏறவில்லை.

பிறகு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாள். குளம்புக்குள்ளே, பின்பக்கமாக, ஒரு சின்ன எலும்பு. இரண்டு காலிலும் அது அரித்துப் போயிருந்தது. லாடத்தை மாற்றி, குதிகாலை உயர்த்தி, ஓய்வு கொடுத்து, வலிக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம், போகப் போக மெதுவாக நடத்திச் செல்லலாம். தடுப்புத் தாண்டுவது இனிமேல் கிடையாது. "ஊசி போட்டிருக்கறப்ப மட்டும் யாரும் ஏறிடாதீங்க. வலி தெரியாம ஓங்கி மிதிப்பா. உள்ள எலும்பு உடைஞ்சாக்கூட அவளுக்குத் தெரியாது. ஆளோட விழுவா." இதை இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அண்ணன் தலையாட்டினான். அவன் தலையாட்டுவதை நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். எதையும் கேட்காதபோதுதான் அப்படி நன்றாக ஆட்டுவான்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் அழுது தீர்த்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் கண்ணில் தண்ணீர் வந்தால் அவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

"ஒரே ஊசில எப்படி ஓடினா பார்த்தியா?" என்றான் என்னிடம். "மருந்து கையில இருக்கு. அதையே போட்டுக்கிட்டு வந்தா வேலை முடிஞ்சுது. அந்தம்மா எதுக்கு லாடம், ஓய்வுன்னு இழுத்தடிக்கறாங்க?"

"அது மருந்து இல்லண்ணா. பல்லைப் புடுங்கறதுக்கு முன்னால போடுவாங்களே, அந்த மாதிரி. பல்லு சரியாயிடுமா அதுல?"

"சரி சரி" என்றான். அதே தலையாட்டல்.

போட்டியில் மகள் வேறு குதிரையில் போவதாக முடிவானது. தாத்தா என்று நாங்கள் கூப்பிடும் பழுப்புக் குதிரை. பரிசு வராது, பயமும் கிடையாது. போட்டியன்று காலையில் அண்ணனும் மகளும் லாரியில் முன்னால் கிளம்பிப் போனார்கள். மற்ற குதிரைகளுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் நான் வர முடியும் என்று சொல்லியிருந்தேன். தீனியைப் போட்டுக்கொண்டே வந்தால் தாத்தா அவன் அறையில் நின்று என்னைப் பார்த்துக் கனைக்கிறான். பக்கத்தில் சீமாட்டியின் அறை காலி.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. போகிற வழியெல்லாம் அண்ணனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆள் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

போட்டிக்கு முன்னால் குதிரைகளை ஓட்டிப் பார்க்கிற சின்ன மைதானத்தில் அவர்கள் இருந்தார்கள். சீமாட்டி வீசி வீசி ஓடினாள். என் மகள் முதுகை நிமிர்த்தி, முகமெல்லாம் பல்லாக, ஒரு தடுப்பைத் தாண்டினாள். அதைப் பார்த்ததும் ஒரு நொடி என் மனசு குளிர்ந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். "யாரும்மா அது, வெளிய போங்க" என்று யாரோ கத்தினார்கள். நேராகப் போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"இறங்கு."

"அம்மா! அடுத்தது என் நம்பர்மா!"

"இறங்குடின்னா!"

இறங்கினாள். நான் குனிந்து சீமாட்டியின் காலைத் தூக்கி ஸ்கூட்டர் சாவியால் குதிகாலில் குத்தினேன். அசையவில்லை. மற்றக் காலிலும் குத்தினேன். அசையவில்லை. காலில் ஊசி போட்ட இடத்தில் முடி ஈரமாக இருந்தது.

ஒலிபெருக்கியில் என் மகளின் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் கடிவாளத்தை விடவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டும்.

சீமாட்டியை லாரிக்குப் பக்கத்தில் நடத்திக்கொண்டு வந்ததும் அண்ணன் ஓடி வந்தான். "என்ன பண்ணிட்ட நீ? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

"மருந்து ஏதுடா உனக்கு?" அண்ணனை நான் 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

"நீ அன்னைக்கு டாக்டரம்மாவோட கத்திக்கிட்டு இருந்தப்ப அவங்க பெட்டியிலேர்ந்து ஒரு புட்டி எடுத்து வச்சேன். எங்க குத்தணும்னுதான் பார்த்தேனே. நான் போடாத ஊசியா? பாரு, எப்படி ஓடினா! இது பொய்யா? கண்ணால பார்த்தேல்ல?"

"முட்டாள்! அடி முட்டாள்! கல்லு மாதிரி மரத்துக் கிடக்குது கால். எலும்பு உடைஞ்சாலும் தெரியாம ஓடுவா. தாண்டி இறங்கறப்ப மடங்கிச்சுன்னா அவ்வளவு கனமும் யார் மேல விழும்? என் பொண்ணு கழுத்து என்ன இரும்பா? உன் தங்கச்சி பெத்த ஒரே பொண்ணுடா அவ!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றான், குரலே எழும்பாமல். "இவ அழுததைப் பார்க்க முடியல."

"மாமா குணமாயிடுச்சுன்னு சொன்னாரும்மா" என்றாள் மகள். "மருந்து குடுத்திருக்கேன், பழையபடி ஆயிட்டான்னார். ஆயிட்டாதானே! உனக்கு மாமா மேல கோபம்னா என் போட்டியைக் கெடுப்பியா? உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்."

"மன்னிக்காத. உயிரோட இருந்து மன்னிக்காம இரு. இப்ப ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க. ஒருத்தர் நகரக் கூடாது."

நின்றார்கள். வெயில் ஏறியது. மைதானத்தில் கைதட்டல் கேட்டது, யாருக்கோ பரிசு கொடுத்தார்கள். மகள் என் பக்கமே திரும்பவில்லை. அண்ணன் லாரிப் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை மறுபடி சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தெம்பில்லை. காது கேளாதவர்களுக்குக் கண்ணாவது இருக்கிறதே, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீமாட்டி முதலில் நன்றாகத்தான் நின்றாள், புல்லைக் கடித்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் இடது காலை முன்னால் நீட்டி வைத்தாள். பிறகு அதை இழுத்துக்கொண்டு வலது காலை நீட்டினாள். மறுபடி இடது. எந்தக் காலில் நிற்பது என்று அவளுக்கே தெரியவில்லை. புல்லைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஓட்டிக் காட்டு" என்றேன் அண்ணனிடம். மைதானத்துக்குப் பின்னால் தார் ரோடு இருந்தது. "பத்தடி போதும்."

அவன் கயிற்றைப் பிடித்து ஓடினான். அவள் கூடவே ஓடினாள், குறுக்கிக் குறுக்கி, தரை சுடுவதுபோல் காலைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டு. திரும்பி வரும்போது ஒவ்வொரு எட்டுக்கும் தலை தூக்கித் தூக்கி விழுந்தது. அண்ணன் பாதியிலேயே நின்றுவிட்டான். அதற்கு மேல் அவனால் அவளை இழுக்க முடியவில்லை.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, முதல்ல காலைக் குட்டி குட்டியா வச்சாளே. போன வருஷம் பூரா அப்படித்தானே ஓடினா?"

"ஆமா."

"அப்பவும் வலிச்சுதா?"

"வலிச்சுது."

"வலியோடயா தாண்டினா?"

"சாட்டைக்குப் பயந்து தாண்டினா" என்றேன். இல்லை கண்ணு என்று சொல்லியிருக்கலாம், எந்த அம்மாவும் சொல்லியிருப்பாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் ஒரு வார்த்தையையும் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை.

அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. சீமாட்டியிடம் போய் நின்றாள், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பாதியில் வைத்துக்கொண்டு. அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அந்தப் புட்டில இன்னும் மருந்து இருக்கா?"

எனக்குக் கண் இருண்டுவிட்டது. இவ்வளவையும் பார்த்த பிறகுமா? கையை ஓங்கிவிட்டேன். பெற்ற பெண்ணை அடிக்க அதுவரை நான் கையை ஓங்கியதில்லை.

அவள் நகரவில்லை. "ஓட்டறதுக்கு இல்லம்மா" என்றாள். "லாரில நின்னுக்கிட்டே வரணுமே அவ. வீடு வரைக்குமாவது வலிக்காம இருக்கட்டுமே."

ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. இறக்கினேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினான், என் முகத்தைப் பார்க்காமல். நான் வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"வேணாம்டி. லாரி ஆடும், குலுங்கும். வலிச்சாத்தான் காலைப் பார்த்து வைப்பா."

"அப்ப வீடு வரைக்கும் வலிக்குமே."

"வலிக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். அண்ணன் ஆட்டுகிற மாதிரி இல்லை. கயிற்றை அவளே வாங்கிக்கொண்டாள்.

லாரியின் பின்பலகையை இறக்கிச் சரிவு போட்டோம். சீமாட்டி ஒரு காலை அதன் மேல் வைத்தாள், எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். மகள் கயிற்றை இழுக்கவில்லை, தட்டவில்லை, 'ம், ஏறு' என்றுகூடச் சொல்லவில்லை. சரிவில் அவளோடு நின்றாள். அண்ணன் பின்னால் ஓரமாக நின்றான், கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு. சீமாட்டி ஒரு எட்டு ஏறினாள், நின்றாள். இன்னொரு எட்டுக்குக் காலைத் தூக்கினாள், தயங்கி அதே இடத்தில் வைத்தாள்.

முன்னாலிருந்து லாரி டிரைவர் தலையை நீட்டி, "சீக்கிரம் ஏத்துங்கம்மா, பின்னால ஒரு தட்டுத் தட்டுங்க, ஏறிடும்" என்று குரல் கொடுத்தார்.

"அவ எப்ப ஏற முடியுதோ அப்ப ஏறுவா!" என்று கத்தினேன். என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். "அவசரம்னா நீ நடந்து போ!"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து எங்களோடு நின்றார்.